ஒரு கூடாரமா, இரண்டா

ஊசி போட்ட இடம் வலிக்கவே இல்லை, அதுதான் திலகவதிக்குச் சந்தேகமாக இருந்தது. கொஞ்சமாவது வலித்தால் மருந்து உள்ளே இறங்கி வேலையைத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம். ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டே ஆகவேண்டும், போட்டுக்கொண்டவர்கள் அரை மணி நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், தலை சுற்றினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே சொல்ல வேண்டும் என்று நர்ஸ் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும், சரி, யாரிடம்? அந்த இடத்தில் திலகவதியின் மனம் ஆணியில் முந்தானை மாட்டியது போல மாட்டிக்கொண்டது. வலது பக்கம் சுவர். இடது பக்கம் மகள் நர்மதா உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி, அதில் இப்போது நர்மதாவின் துணிப்பை மட்டும். அதற்கு அந்தப் பக்கம் சௌந்தரபாண்டியன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், திலகவதியின் கணவர், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஞ்சை இவ்வளவு நேரம் பிடிக்க வேண்டியதில்லை. கையும் வலிக்கும். அதைச் சொல்லலாம். ஆனால் சொல்ல முடியாது, ஏனென்றால் இவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிப் பல வருஷம் ஆகிறது. நர்மதா இருந்தால் அப்பாவைப் பஞ்சை எடுக்கச் சொல் என்று சொன்னால் போதும், அவள் திரும்பி அப்பா பஞ்சை எடுங்க என்பாள், அவர் எடுத்துவிடுவார், காரியம் முடிந்தது. இத்தனைக்கும் திலகவதி சொல்வது அவர் காதில் முதல் தடவையே விழுந்திருக்கும். ஆனாலும் நர்மதா வாய் வழியாக வந்தால்தான் அது பேச்சு, இல்லாவிட்டால் வெறும் சத்தம். வீட்டுக்கு வீடு ஒரு கிறுக்குத்தனம் இருக்கத்தான் செய்கிறது, இந்த வீட்டில் இது.

கொஞ்ச நேரம் முன்பு மூன்று பேருமாகத்தான் வரிசையில் நின்றார்கள். அறுபதைத் தாண்டியவர் என்பதால் சௌந்தரபாண்டியனை டாக்டர் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்னென்ன மாத்திரை, இதயத்தில் ஏதாவது உண்டா, முட்டை ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டு, வயதானவர்களில் ரொம்ப அபூர்வமாகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், காய்ச்சல் வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போடச் சொன்னார். அடுத்து திலகவதி. மூன்றாவதாக நர்மதா கையை நீட்டியபோது நர்ஸ், பெண்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டாள், கர்ப்பமா இருக்கீங்களா என்று. இல்லை என்று பட்டென்று வர வேண்டிய பதில் வரவில்லை. தள்ளிப்போயிருக்கு சிஸ்டர், வேலை டென்ஷன்னு நெனச்சேன் என்று நர்மதா மெதுவாகச் சொன்னாள். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். நிச்சயமாகத் தெரியாமல் போட மாட்டோம், அடுத்த தெருவில் லேப் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். போகிற போக்கில் நர்மதா துணிப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, எதுவானாலும் நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் போறீங்க, நான் வர்றதுக்குள்ள பேசி முடிவு பண்ணி வைங்க என்றாள். பேசி என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதிலிருந்து இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அதாவது அவர் சுவரைப் பார்க்கிறார், இவள் பையைப் பார்க்கிறாள்.

கோபமா என்றால், இல்லை. அதுதான் வேடிக்கை. கோபம் எப்போதோ போய்விட்டது, எந்த வருஷம் போனது என்று கேட்டால்கூட திலகவதியால் சொல்ல முடியாது. போகும்போது பேச்சையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆரம்பத்தில் இருந்தது கோபம்தான், சாதாரணக் கோபம் இல்லை. சாத்தூரில் அவள் தம்பி கருணாகரன் திடீரென்று நெஞ்சுவலியில் போனபோது அவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போயிருந்தாள். செய்தி இவருக்குத்தான் முதலில் வந்தது. பரீட்சை நேரத்தில் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம், முடித்து வரட்டும் என்று இவரே முடிவு செய்து, வண்டி ஏற்பாடு செய்து, மாற்றுத்துணிகூட எடுத்து வைத்து, மாலையில் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று சொன்னார். எல்லாம் செய்தார், ஒன்றை மட்டும் செய்யவில்லை, அவளிடம் சொல்லவில்லை. சாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து எல்லோரும் திரும்பிக் குளித்திருந்தார்கள். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் காலம், வைத்திருக்க முடியாது, ஊர்க்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. திரும்பி வந்த அன்று காபி வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு அவள் நர்மதாவைப் பார்த்து எனக்கு வேண்டாமென்று சொல் என்றாள். அவ்வளவுதான், அந்தப் பாதையே பழகிவிட்டது. காலேஜ் படித்துக்கொண்டிருந்த பெண் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே தபால்காரி ஆனாள். கல்யாணமாகி வேளச்சேரிக்குப் போன பிறகு மூன்று பேரை மட்டும் வைத்து வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்துக் கொடுத்தாள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல் என்று திலகவதி சமையலறையிலிருந்து எழுதுவாள், பதிந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல் என்று ஹாலிலிருந்து பதில் வரும். வேளச்சேரியில் இருப்பவள் இரண்டுக்கும் ஒரு கட்டைவிரலைப் போடுவாள். விருந்தாளி வந்தால் கவலையே இல்லை, விருந்தாளியைப் பார்த்து இரண்டு பேரும் கலகலவென்று பேசிக்கொள்வார்கள். எவ்வளவு ஒற்றுமையான தம்பதி என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்கூட உண்டு. மறுபடி தொடங்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் எந்த வார்த்தையில் தொடங்குவது? இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறந்து, என்னங்க, பால் பொங்குது பாருங்க என்றா சொல்வது? பாலுக்கு அவ்வளவு பெரிய மரியாதையா? பெரிதாக ஏதாவது சொல்லலாமென்றால் பெரிதாகச் சொல்ல வீட்டில் எதுவும் நடப்பதில்லை. அப்படியே போய்விட்டது.

இந்த ஆப்பிரிக்காவே அதிலிருந்து வந்ததுதான். மத்தியானம் சாப்பிட்டதும் அவர் விலங்கு சேனலைப் போடுவார், சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார். அவள் சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். சிறுத்தை ஓடும்போது அவர் கால் தானாக அசையும், மான் தப்பித்தால் அவள் அப்பாடா என்பாள். இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிற நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான் என்பதை நர்மதா கண்டுபிடித்துவிட்டாள், விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் கண்ணுக்கு அது தப்புமா? உடனே திட்டம் போட்டாள். குட்டிப் பயணம்தான், இரண்டே பூங்கா, ஆனால் எல்லாம் ஸ்டைலாக. முதலில் அம்போசெலி, அங்கே யானைக் கூட்டம், பின்னால் பனித்தொப்பி போட்ட கிளிமஞ்சாரோ, பக்கத்து நாட்டில் நின்றுகொண்டு இந்தப் பூங்காவின் புகைப்படங்களுக்குப் போஸ் கொடுக்கிற மலை. பிறகு இரண்டாவது பூங்காவான மாசாய் மாராவுக்குச் சின்ன விமானம், அது இறங்குவதற்கு முன்னால் ஓடுபாதையிலிருந்து வரிக்குதிரைகளைத் துரத்த வேண்டியிருக்குமாம். அந்த விமானத்தில் கெட்டிப் பெட்டி ஏறாது, துணிப்பைதான். போகிற நாட்டில் பிளாஸ்டிக் கவர் கூடாது, ஆகவே எலுமிச்சை ஊறுகாய் எவர்சில்வர் டப்பாவில். ஊறுகாயே கூடாது என்று நர்மதா, ஊறுகாய் இல்லாமல் நான் வரவில்லை என்று திலகவதி, அந்தச் சண்டை தனியாக நடந்தது. கடுநீல உடுப்பைக் கண்டால் கடிக்கிற ஈ வருமாம், கண்ணைப் பறிக்கிற நிறமும் ஸ்டைல் இல்லையாம், மண் நிறம், காய்ந்த புல் நிறம், அவ்வளவுதான். திலகவதியின் பீரோவில் பாதி மயில் கழுத்து, மீதி வாடாமல்லி. தி.நகர் கடையில் மண் நிறத்தில் சுடிதார் கேட்டபோது விற்பனையாளர் அவளை இரக்கமாகப் பார்த்தார், வேறு கலர் போடட்டுமா அம்மா, மங்கலமா இருக்கும் என்றார். வாங்கினாள். ஒரு தொப்பியும் வாங்கினாள். வீட்டில் யாரும் இல்லாதபோது அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

பகலைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. மேல்கூரை திறந்த வண்டி, ஓட்டுகிறவரே வழிகாட்டி, விலங்கு பக்கத்தில் வந்தால் யாரும் பேசக்கூடாது என்பது சட்டம். சிங்கத்துக்கு முன்னால் எல்லாக் கணவன் மனைவியும் இவர்களைப் போலத்தான். கவலை கூடாரத்தைப் பற்றி. கூடாரம் என்றால் சர்க்கஸ் கூடாரம் என்று நினைத்திருந்தவளுக்கு நர்மதா படம் காட்டினாள், உள்ளே கட்டில், வெள்ளைக் கொசுவலை, செப்புத் தொட்டி, தொட்டியில் படுத்தால் எதிரே சமவெளி. இருட்டிய பிறகு தனியாக வெளியே கால் வைக்கக் கூடாது, டார்ச்சோடு காவல்காரர் வந்துதான் கூட்டிப் போவார், ஆபத்தென்றால் ஊத தலைமாட்டில் ஒரு விசில் தொங்கும். போன் எடுக்காது. அதுதான்மா ஸ்டைலே என்று நர்மதா பெருமையாகச் சொன்னாள். அம்மாவும் மகளும் ஒரு கூடாரம், அப்பா அடுத்த கூடாரம் என்று பதிவாகியிருந்தது, அது சரியாக இருந்தது. வழிகாட்டிக்குத் தமிழ் தெரியுமா என்று திலகவதி ஒரு தடவை கேட்டாள். நர்மதா விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அம்மா எதற்காகக் கேட்கிறாள் என்று புரிந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இப்போது நர்மதா வரப்போவதில்லை. லேபில் என்ன சொல்வார்கள் என்பது திலகவதிக்கு ஏற்கெனவே தெரியும், காலையில் காரில் வரும்போது சாம்பிராணி வாசத்துக்கே அந்தப் பெண் கண்ணாடியை இறக்கினாள், தாய்க்கு இதுகூடத் தெரியாதா? கருணாகரன் இருந்தால் அவனும் தாத்தா ஆகியிருப்பான் என்று ஒரு எண்ணம், உடனே, ஐயோ, நான் பாட்டியாகப் போகிறேன் என்று ஒரு எண்ணம், சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் ஒரு நாற்காலி தள்ளித்தான் இருக்கிறார். அவருக்கும் தெரிந்திருக்கும், தெரியாமலா இருக்கும், சுவரைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் சிரிப்பு இருக்கிறதா? ஓரக்கண்ணால் பார்த்தாள். சொல்ல முடியாது. நர்மதாவிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும், நர்மதா, நீ கர்ப்பமாக இருக்கிறாய் என்று அப்பாவிடம் சொல். நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்ததும் கண் கலங்கியது, கண் கலங்கியதும் இது ஊசியின் வேலையோ என்று பயம் வந்தது. காய்ச்சல் வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். அவருக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் அவர் யாரிடம் சொல்வார், நர்மதாவின் பழைய அறையில் அவர் தனியாகத்தானே படுக்கிறார்.

காய்ச்சலைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல்தான் மனம் இவ்வளவு நேரம் ஊறுகாயிலும் தொப்பியிலும் சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது சுற்றி முடித்து அங்கேயே வந்து நின்றுவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. போன வருஷம் ஒரு விடிகாலையில் சர்க்கரை இறங்கிவிட்டது. எழுந்து வரவில்லையே என்று கதவைத் தள்ளிப் பார்த்தால் வேர்வையில் பனியன் நனைந்து கிடக்கிறார், கண் பாதி திறந்திருக்கிறது. அவள் சர்க்கரைத் தண்ணீர் கலக்கினாள், அதெல்லாம் சரியாகச் செய்தாள். தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். ஆனால் குடிங்க என்று சொல்ல வாய் வரவில்லை. வாய் வரவில்லை என்றால் நிஜமாகவே வரவில்லை, தொண்டை வரை வந்து நின்றது. நர்மதாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் காதோரம் பிடித்து, அப்பாவைக் குடிக்கச் சொல் என்றாள். வேளச்சேரியிலிருந்து நர்மதா அப்பா குடிங்கப்பா, குடிங்கப்பா என்று அழுதுகொண்டே கத்தினாள். அவர் குடித்தார். பிழைத்தார். நர்மதா தூக்கத்தில் போனை எடுக்காமல் இருந்திருந்தால்? அன்று முதல் திலகவதிக்கு அவமானமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லிக்கொள்ளாத அவமானம். இப்போது மாசாய் மாராவில், போன் எடுக்காத கூடாரத்தில் அப்படி ஆனால்? விசிலை ஊதுவாள். டார்ச்சோடு காவல்காரர் ஓடி வருவார். அவரிடம் என்ன சொல்வாள், இவரைக் குடிக்கச் சொல்லுங்கள் என்றா? தனித்தனிக் கூடாரமென்றால் இறங்கியதே தெரியாது. ஒரே கூடாரமென்றால் தெரியும், தெரிந்தும் வாய் வராது. எது மோசம்? போகாமலே இருந்துவிடலாம். சேனலிலேயே யானை இருக்கிறது. போகாமல் இருந்தால் மட்டும் வீட்டில் சர்க்கரை இறங்காதா?

சௌந்தரபாண்டியனின் போன் அடித்தது. பயண ஏற்பாடு செய்கிற கம்பெனிப் பெண். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், ஊருக்கே கேட்கும். நர்மதா மேடம் வரவில்லை என்று மெசேஜ் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் என்றால் ஒரு கூடாரம் போதுமா, இல்லை முன்பு சொன்னபடி இரண்டும் வேண்டுமா, முகாமிலிருந்து இப்போதே கேட்கிறார்கள் என்றாள் அந்தப் பெண். அவர் சுவரைப் பார்த்தார், துணிப்பையைப் பார்த்தார். இப்போது காற்றைப் பார்த்து ஒண்ணா ரெண்டான்னு கேக்குறாங்க என்பார், நாமும் காற்றைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், என்ன சொல்வது என்று திலகவதி அவசரமாக யோசித்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டுமே வேணாம்மா. கேன்சல் பண்ணிருங்க. பொண்ணு இல்லாம அவங்க வர மாட்டாங்க."

கனிவாகத்தான் சொன்னார், அதுதான் அவளைச் சுட்டது. பள்ளிக்கூட வாசலில் மாற்றுத்துணியோடு நின்ற அன்றைக்கும் இதே கனிவுதான். அவளுக்கு எது நல்லது என்று அவளைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடுகிற கனிவு. போக வேண்டும் என்று தனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அந்த நொடிவரை திலகவதிக்கே தெரியாது.

"யாரைக் கேட்டு கேன்சல் பண்றீங்க?"

எதிர் பெஞ்சில் இருந்த பையன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சௌந்தரபாண்டியன் திரும்பி அவளை நேராகப் பார்த்தார், கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"இல்ல, உனக்கு இஷ்டம் இருக்காதுன்னு..."

"என் இஷ்டத்தை எங்கிட்டதான கேக்கணும்? அன்னைக்கும் கேக்கல. என் தம்பி அங்க கெடக்கான், பரீட்சை முடியட்டும்னு நீங்களா முடிவு பண்ணீங்க. இன்னைக்கும் நீங்களா முடிவு பண்றீங்க."

போனிலிருந்து ஹலோ சார், ஹலோ சார் என்று கேட்டது. இரும்மா என்று அவர் அதனிடம் சொன்னார்.

"தப்புதான் திலகா. அது அன்னைக்கே தெரியும். சொல்லணும்னுதான் வருவேன். நீ திரும்பி அடுப்பைப் பாத்துக்கிட்டு நிப்ப."

"நின்னா என்ன? முதுகுப் பக்கம் சொன்னா காது கேக்காதா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். திலகவதியின் தொண்டையில் நின்றுகொண்டிருந்ததெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தது, வரிசை தெரியாமல் வந்தது. ஒரே கூடாரம்தான் என்றாள். ராத்திரி சர்க்கரை இறங்கினால் அடுத்த கூடாரத்திலிருந்து அவள் எப்படி வருவாள், வெளியே சிங்கம் நிற்கும் என்றாள். முகாமுக்குள் சிங்கம் வராது என்றார் அவர், தான் பார்த்த நிகழ்ச்சிகளையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டார். யானை வரும் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள் என்றாள். யானை அது பாட்டுக்குப் போய்விடும், ஆனால் இவள் குறட்டையில் அவர் எப்படித் தூங்குவது, வீட்டிலேயே ஹால் வரைக்கும் கேட்கிறது என்றார். நானா என்றாள் திலகவதி, நானா குறட்டை விடுகிறேன்? போன் இன்னும் திறந்தே கிடந்தது. அந்தக் கம்பெனிப் பெண் பாவம், வைக்கவும் தெரியாமல் பேசவும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நர்மதா வாசலில் வந்து நின்றாள். கையில் லேப் கவர், ஈரமான கண், கன்னமெல்லாம் சிரிப்பு. முகத்தைப் பார்த்ததுமே திலகவதிக்குத் தெரிந்துவிட்டது. நர்மதாவோ அம்மாவின் குரல் உயர்ந்திருப்பதை மட்டும் கேட்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில் ஓட்டமாக வந்து இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்தாள்.

"என்னம்மா, அப்பாகிட்ட என்ன சொல்லணும்?"

"கொஞ்சம் இரு நர்மதா," என்றாள் திலகவதி, கண்ணை அவரிடமிருந்து எடுக்காமல். "நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல."